கடலூர் முதுநகர் நடைப்பயணம்: குருவானவருக்குச் சம்பளம் கொடுத்தது யார்?

கடலூர் முதுநகரிலும் தேவனாம்பட்டினத்திலும் சனிக்கிழமை காலைகளில் ஒரு சிறு குழு நடத்திவரும் வரலாற்று நடைப்பயணத்தில் சென்ற மாதம் கலந்துகொண்டேன். கோட்டை, துறைமுகம், கிளைவ் என்று வழக்கமாகச் சொல்லப்படுவதை ஒதுக்கிவிட்டு, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் எந்த மதத்தாருக்கு என்ன சட்டம் இருந்தது என்ற ஒற்றைப் பொருளை எடுத்துக்கொண்டு மூன்றே முக்கால் மணி நேரம் பேசுகிறார்கள் என்பதே என்னை இழுத்தது. கட்டணம் ஒருவருக்கு 350 ரூபாய். காலை ஆறரை மணிக்குத் துறைமுகச் சந்திப்பு ரயில் நிலையத்தின் அருகே தொடங்கி, இடையில் வேனில் ஏற்றிச் சென்று, தேவனாம்பட்டினம் கடற்கரையில் முடிக்கிறார்கள். பதினாறு பக்கக் கையேடு ஒன்றும் வழியில் நீர்மோரும் கட்டணத்தில் அடக்கம். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்தது நல்ல முடிவு. ஆராதனைக்கு வருபவர்களை வேடிக்கை பார்க்கும் கூட்டமாக நாங்கள் நிற்க வேண்டியிருக்கவில்லை.

வழிகாட்டி இளைஞர்; ஆவணங்களைப் படித்தவர் என்பது முதல் கால் மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. 1690-இல் செஞ்சியில் இருந்த மராட்டிய அரசர் ராஜாராமிடமிருந்து கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கியதையும், பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரத்துக்குள் அடங்கிய ஊர்களெல்லாம் விற்பனையில் சேர்ந்ததால் அவை குண்டு கிராமங்கள் எனப் பெயர் பெற்றதையும் அவர் விரைவாகச் சொல்லிக் கடந்தார். அடுத்து அவர் எடுத்த கேள்விதான் பயணத்தின் உயிர்: கோட்டையில் ஜெபம் செய்த குருவானவருக்குச் சம்பளம் கொடுத்தது யார்? 1698-ஆம் ஆண்டின் அரசப் பட்டயம், ஒவ்வொரு படைத்தளத்திலும் பெரிய பண்டகசாலையிலும் ஒரு குருவைக் கம்பெனியே வைத்துக் காக்க வேண்டும் என்றும், அவர் வந்து சேர்ந்த ஓராண்டுக்குள் போர்த்துக்கீசியம் கற்க வேண்டும் என்றும், அந்தந்த ஊர் மொழியையும் பயின்று கம்பெனியின் வேலையாட்களுக்கும் அடிமைகளுக்கும் புராட்டஸ்டண்ட் மதத்தைப் போதிக்க வேண்டும் என்றும் விதித்தது. வியாபாரக் கம்பெனியின் பட்டயத்தில் இப்படி ஒரு பிரிவு இருந்தது என்பதைக் கேட்டதும் எங்களுடன் வந்த ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர், "அப்போ மிளகுக் கணக்கோடு வேதக் கணக்கும் எழுதியிருக்கிறான்" என்றார். வழிகாட்டி சிரித்துவிட்டு அதே இழையைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டார்: 1813-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கல்கத்தாவுக்கு ஒரு பிஷப்பும் மூன்று மாகாணங்களுக்கும் பிஷப்புக்கு அடுத்த நிலையிலுள்ள ஆர்ச்டீக்கன்களும், 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சென்னைக்கும் பம்பாய்க்கும் பிஷப்புகள், அத்தனை பேருக்கும் சம்பளம் இந்திய வருவாயிலிருந்து. அந்தச் சபையில் கால் வைத்திராத உழவர் கட்டிய வரியும் அதில் இருந்தது. 1927-இல் இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டு, 1930-இல்தான் ஆங்கிலத் திருச்சபையோடு இருந்த சட்டப் பிணைப்பு இங்கே அறுந்தது.

இவ்வளவு தெளிவாகப் பணத்தின் வழியே போன பயணம், முதுநகரின் தெருக்களுக்குள் நுழைந்ததும் தடுமாறியது. "பிரெஞ்சுக்காரர் மத வெறியர், ஆங்கிலேயர் எல்லா மதத்தையும் சமமாகப் பார்த்தவர்கள்" என்ற பழைய பல்லவியை வழிகாட்டி எடுத்தார். கையேட்டிலும் அப்படியே அச்சாகியிருக்கிறது. பிரெஞ்சுப் பக்கத்தைப் பற்றி அவர் சொன்னது சரிதான். 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த வேளையில், இன்று சம்பா கோவில் என்ற கத்தோலிக்கப் பேராலயம் நிற்கும் இடத்தை ஒட்டியிருந்த வேதபுரீஸ்வரர் கோவிலைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே ஆட்சியில் இடித்துத் தள்ளினார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் அதை வலியோடு பதிந்து வைத்தார். ஆனால் அடுத்த ஆண்டே, புதுச்சேரியிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவிலுள்ள இந்தக் கடலூரில் நடந்ததைக் கையேடு ஒற்றை வரியில் விழுங்கிவிடுகிறது. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபின் கம்பெனியின் தலைமையிடம் தேவனாம்பட்டினத்துக் கோட்டைதான். இங்கிருந்த அதிகாரிகள் 1749-இல், பிரெஞ்சுக்காரருக்கு உளவு சொல்வார்கள் என்ற சந்தேகத்தின்பேரில் கத்தோலிக்கக் குருமாரைத் தங்கள் எல்லையை விட்டு வெளியேற்றி, அவர்களுடைய கோவிலை எடுத்து, 1740 முதல் இங்கே பணியாற்றிவந்த கியர்னாண்டர் என்ற லுத்தரன் (புராட்டஸ்டண்ட் பிரிவுகளில் ஒன்று) குருவிடம் ஒப்படைத்தார்கள். ஒருவர் இடித்தார், மற்றவர் கைமாற்றிக் கொடுத்தார். கோவிலை இழந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றா வேறா என்று அந்தத் தெருவிலேயே நிறுத்திக் கேட்டிருக்கலாம். அதற்குப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் வேறெங்கும் இல்லை. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரைப் பிடித்தபோது கியர்னாண்டருக்கும் இங்கே இடமில்லாமல் போய், அவர் தரங்கம்பாடி வழியாகக் கல்கத்தா சென்று சேர்ந்த செய்தியை மட்டும் வழிகாட்டி சுவையாகச் சொன்னார்.

கையேட்டின் பெரிய குறை ஒரு சொல்லில் இருக்கிறது. இங்கிலாந்தில் 1689-இல் வந்த சகிப்புச் சட்டத்தை அது "மதச் சுதந்திரச் சட்டம்" என்று மொழிபெயர்த்திருக்கிறது. அந்தச் சட்டம் சுதந்திரம் எதையும் வழங்கவில்லை. ஆங்கிலத் திருச்சபைக்கு வெளியே வழிபட்ட புராட்டஸ்டண்ட் பிரிவினர்மீது பழைய தண்டனைச் சட்டங்கள் பாயாதபடி விலக்கு அளித்தது. அந்த விலக்கைப் பெறவும் அரசருக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும், கூடுமிடத்தைப் பதிவு செய்ய வேண்டும், கூட்டம் நடக்கையில் கதவைத் தாழிடக் கூடாது. கத்தோலிக்கரும், திரித்துவத்தை (பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற கோட்பாட்டை) மறுப்பவர்களும் அதற்கு வெளியே. விலக்குப் பெற்ற புராட்டஸ்டண்ட் பிரிவினருக்கும் அரசு வேலைக்குரிய தடைகள் 1828 வரை ஏட்டில் இருந்தன. தாழிடாத கதவு என்ற அந்த நிபந்தனை ஒன்றை மட்டும் சொல்லியிருந்தால் போதும், சகித்துக்கொள்வது வேறு, உரிமை தருவது வேறு என்பது அங்கிருந்த பத்தாம் வகுப்பு மாணவிக்கும் விளங்கியிருக்கும். வழக்கறிஞர் தொழிலில் இருப்பதால் எனக்கு இந்தச் சொற்கள் உறுத்துகின்றன என்று யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

ஒப்பீட்டுக்காக அமெரிக்கக் காலனிகளைப் பற்றி இரண்டு பக்கங்கள் சேர்த்திருக்கிறார்கள். வர்ஜீனியாவில் ஆங்கிலத் திருச்சபையே அரசுத் திருச்சபை. 1696-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு குருவின் ஆண்டுச் சம்பளம் 16,000 பவுண்டு எடையுள்ள புகையிலை, அதாவது ஏழு டன்னுக்கும் மேல். அதற்கான வரியை அவர் பிரசங்கத்தைக் கேட்கவே மறுத்த மாற்றுச் சபையினரான பிரஸ்பிட்டேரியனும் பாப்டிஸ்டும் சேர்ந்தே கட்டினார்கள். இந்த வரி கையேட்டில் இருக்கிறது, பாராட்டுகிறேன். மேரிலாந்தின் 1649-ஆம் ஆண்டுச் சகிப்புச் சட்டத்தைப் புகழ்ந்திருக்கும் இடத்தில், திரித்துவத்தை மறுத்தால் மரண தண்டனை என்று அதே சட்டம் விதித்ததை விட்டுவிட்டார்கள். மாசசூசெட்ஸில் குவேக்கர் பிரிவைச் சேர்ந்த மேரி டையர் என்ற பெண்மணி 1660-இல் பாஸ்டனில் தூக்கிலிடப்பட்ட செய்தியும் கையேட்டில் இல்லை. மத நம்பிக்கைக்காக நாடு விட்டுப் போனவர்கள் போன இடத்தில் இன்னொருவரைத் தூக்கிலிட்டார்கள் என்பது இந்தப் பொருளின் மையம் அல்லவா?

தேவனாம்பட்டினத்தில் மீண்டும் வழிகாட்டியின் கை ஓங்கியது. கோட்டையை வாங்கிய காலத்துச் சென்னை ஆளுநர் எலிஹு யேல் ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்தவர். அவர் 1718-இல் கனெக்டிகட்டில் இருந்த கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகங்களும் அனுப்பினார். பொதிகளை விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது. கல்லூரிக்கு அவர் பெயர் வைத்தார்கள். அந்தக் காலனியிலோ இன்னொரு புராட்டஸ்டண்ட் பிரிவான காங்கிரிகேஷனல் சபைதான் அரசுத் திருச்சபை. யேல் அங்கே குடியிருந்தால் அவரே மாற்றுச் சபைக்காரர் ஆகியிருப்பார், எதிர்ச் சபைக் குருவுக்கு வரியும் கட்டியிருப்பார்; அவர் சபையினருக்கு அந்தக் கட்டாயம் 1727 வரை இருந்தது. சிதைந்த சுவருக்குப் பக்கத்தில், கெடிலத்தைப் பார்த்து நின்றபடி இதைக் கேட்டது கொடுத்த காசுக்குத் தகும்.

ஒரு வருத்தம். வேனில் போகையில் கரையேறவிட்டகுப்பத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் கடந்தார்கள். சமணத்தை விட்டுச் சைவத்துக்குத் திரும்பிய அப்பரைப் பல்லவ மன்னன் கல்லோடு கட்டிக் கடலில் எறிய, அவர் அங்கே கரையேறினார் என்பது மரபு. அரசன் மதத்தை விட்டு விலகியவனுக்கு என்ன நடக்கும் என்று சொல்லும் கதை திருப்பாதிரிப்புலியூரில் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கையில், வர்ஜீனியாவுக்குப் போகும் முன் அங்கே ஐந்து நிமிடம் நின்றிருக்கலாம்.

நடைமுறை பற்றிச் சில சொற்கள். ஒலிபெருக்கி இல்லை, மீன் ஏலச் சத்தத்தில் துறைமுகப் பகுதியில் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. கழிவறை ஏற்பாடு பயணத்தின் கடைசியில்தான். குடை அவசியம். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். குறைத்த ஒன்றரையில் ஒன்று கையேட்டுக்கு. 1689 பற்றிய மொழிபெயர்ப்பையும் 1749 பற்றிய வரியையும் சுட்டிக்காட்டினேன். அடுத்த அச்சில் திருத்துவதாக வழிகாட்டி என் கண்முன்னே பென்சிலால் குறித்துக்கொண்டார். சம்பா கோவிலிலிருந்து ஈஸ்வரன் தர்மராஜா கோவில் தெரு வரை புதுச்சேரிப் பகுதியையும் தொடங்கப் போகிறார்களாம். அதற்கும் என் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.