மினியேச்சர் வார்னிஷ் என்ற பெயரில் மரச்சாமான் பூச்சு: குதிரைப்படை வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

போர் விளையாட்டுக்கான மினியேச்சர் குதிரைப்படைக்கு, அதாவது கையடக்கப் பொம்மை வீரர்களுக்கு, வண்ணம் தீட்டி முடித்துவிட்டு, கடைசிப் பூச்சுக்கு வார்னிஷ் தேடிக்கொண்டிருப்பவர்கள் வாங்கும் முன் கொஞ்சம் பொறுங்கள். “மினியேச்சருக்கென்றே தயாரித்த அசல் மேட்” (பளபளப்பில்லாத பூச்சு) என்று சொல்லி என் தலையில் கட்டப்பட்ட ஸ்ப்ரே கேன், மேசை நாற்காலிக்கு அடிக்கிற லாக்கர் (lacquer) என்ற மரப்பூச்சு. அந்த விற்பனையாளர் தயாரித்தது மேலே இருந்த ஸ்டிக்கரை மட்டும்தான்.

படை, 28 மி.மீ. அளவில் நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுக் கியூராசியர்கள், அதாவது கவசக் குதிரைவீரர்கள். எஃகு மார்புக்கவசம், தலைக்கவசத்தின் பின்னால் தொங்கும் குதிரைமயிர், கீழே கரும்பழுப்புக் குதிரைகள். காலாட்படையென்றால் மேட் அடித்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். குதிரைவீரனிடம் அது நடக்காது. வீரனின் கம்பளிச் சட்டை ஒளியை உறிஞ்ச வேண்டும், கவசம் மின்ன வேண்டும், நன்றாகத் தேய்த்து வளர்த்த குதிரையின் தோல் இரண்டுக்கும் நடுவே சாட்டினாக, அரைப் பளபளப்பில், நிற்க வேண்டும். போதாக்குறைக்கு, விளையாடும்போது எல்லோரும் பிடித்துத் தூக்குவது குதிரையின் முதுகையும் வீரனின் தலையையும்தான். முதலில் வண்ணம் தேய்வதும் அங்கேதான்.

அதனால் வாங்குவதற்கு முன்பே மூன்று கேள்விகள் கேட்டேன். உலோக வண்ணத்தின் மின்னலைக் கெடுக்குமா? பிளாஸ்டிக் உருவத்துக்கு ஒத்துக்கொள்ளுமா? கரைப்பான் என்ன? மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில் வந்தது: “இது ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் சார், கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம்.”

கண்ணைத் திறந்துகொண்டுதான் அடித்தேன். கேனை நன்றாகக் குலுக்கி, 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, லேசான வீச்சுகளாக. ஈரம் இருக்கும்வரை அழகாகத்தான் இருந்தது. காயக் காயப் பிடரிமயிரின் பள்ளங்களிலும் வயிற்றடியிலும் சாம்பல் பூக்கத் தொடங்கியது. மார்புக்கவசங்கள் எஃகு நிறத்தை இழந்து ஈயத் தகடாகிவிட்டன. சேணத்துணியின் ஓரத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்த வெள்ளைக்கோடு மெல்ல மேலெழும்பிச் சுருங்கியது. பிளாஸ்டிக் உருவங்களில் கடிவாள வாரின் விளிம்பே மழுங்கிவிட்டது. அறையெங்கும் நகப்பூச்சு வாடை.

அந்த வாடைதான் துப்பு. நகப்பூச்சிலும் பழைய வகை மர லாக்கரிலும் இருப்பது நைட்ரோசெல்லுலோஸ். அதைக் கரைக்கும் திரவங்கள் காய்ந்த அக்ரிலிக் வண்ணத்தை இளக்கும், பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைத் தின்னும். மரத்துக்கு அதனால் கெடுதல் இல்லை. நாளாக ஆக மஞ்சளாகும் குணமும் அதற்கு உண்டு, அந்த அழகைக் காணும்வரை நான் காத்திருக்கவில்லை.

படையில் எக்காளக்காரன் மட்டும் தப்பித்தான். மரபுப்படி அவனுக்கு வெள்ளைக் குதிரை. வெள்ளையில் பூத்த வெள்ளை யார் கண்ணுக்குத் தெரியும்? அதைப் பார்த்த பிறகு விற்பனையாளரின் விளம்பரப் படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எல்லாம் வெள்ளைக் குதிரைகள், சாம்பல் குதிரைகள், நடுவே ஓர் எலும்புக்கூட்டுப் படை. கறுப்போ கரும்பழுப்போ பெயருக்குக்கூட ஒன்று இல்லை.

புகார் சொன்னதும் பழி காற்றின்மேல் போனது. “உங்கள் பக்கம் ஈரப்பதம் அதிகம் சார், யார் அடித்தாலும் பூக்கும்.” இதில் பாதி உண்மை இருப்பதால்தான் எரிச்சல் கூடுகிறது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அங்கே படிந்து பூச்சுக்குள் சிக்கினால் வெள்ளை பூக்கும். மழைநாளில் எந்த ஸ்ப்ரேயையும் அடிக்கக் கூடாது என்பது இதனால்தான். ஆனால் அன்று நல்ல வெயில். அதோடு, இவருடைய கேனை அடித்த கையோடு, என்னிடம் ஏற்கெனவே இருந்த வேறொரு கேனை மிச்சமிருந்த கறுப்புக் குதிரை ஒன்றின்மேல் அதே இடத்தில் அடித்திருந்தேன். அது பளிங்காக இருக்கிறது. இரண்டு குதிரைகளையும் அருகருகே வைத்துப் படம் அனுப்பினேன். பதில் இல்லை.

பிறகுதான் ஸ்டிக்கரின் மூலையை நகத்தால் நெம்பினேன். வெதுவெதுப்பான நீரில் நனைத்ததும் முழுதாக உரிந்து வந்தது. அடியில் அலமாரியின் படம், “மரப்பரப்புகளுக்கு மட்டும்” என்ற வரி, தயாரிப்புத் தேதி இருந்த இடத்தில் சுரண்டிய தடம்.

மீட்பு வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் யாராவது இருக்கக்கூடும். பூத்த இடத்தில் நீர் சார்ந்த பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் மெல்லியதாகப் பூசினேன். சொரசொரப்பின் சின்னஞ்சிறு பள்ளங்களை அது நிரப்பியதும் பெரும்பாலான குதிரைகளில் அடிநிறம் திரும்பி வந்தது. அது காய்ந்தபின் குதிரையின் உடலுக்குச் சாட்டின், துணிக்கும் குளம்பருகே உள்ள சேற்றுக்கும் மேட். மார்புக்கவசத்தை மட்டும் எல்லாம் முடிந்தபின் புதிதாகத் தீட்டினேன். மேட் பூச்சுக்குள் இருக்கும் நுண்ணிய சிலிக்காத் தூள் ஒளியைச் சிதறடிக்கும், உலோக வண்ணத்திலுள்ள மைக்காச் செதில்களின் மின்னல் அதற்குப் பிறகு பிழைக்காது. சுருங்கிய கோடுகளுக்கும் மழுங்கிய வார்களுக்கும் மருந்து இல்லை.

இனி யாரிடம் வாங்கினாலும் கறுப்புக் குதிரையின்மேல் அடித்த படத்தைக் கேளுங்கள். நல்ல வார்னிஷ் வைத்திருப்பவர் உடனே காட்டுவார், ஏனென்றால் கறுப்பில் தெளிவாக நிற்பதுதான் அவருடைய சரக்குக்கே பெருமை. ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு விளிம்பு தட்டுப்படுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கரைப்பான் பெயரும் தயாரிப்புத் தேதியும் இல்லாத கேனை வாங்காதீர்கள். பழைய சரக்கில் மேட் தூள் அடியில் இறுகிவிட்டால், முதல் பாதி பளபளப்பாகவும் மறுபாதி சுண்ணாம்பாகவும் வரும். ஒரே பூச்சு உலோகத்துக்கும் தோலுக்கும் துணிக்கும் பொருந்தும் என்று யாராவது சொன்னால், அவர் குதிரைவீரனுக்கு ஒருநாளும் வண்ணம் தீட்டியதில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

உரித்த ஸ்டிக்கரின் படத்தை அனுப்பியதும் விற்பனையாளருக்குத் திடீரென்று பேச்சு வந்தது. பணத்தைத் திருப்பித் தர வழியில்லையாம், அதே விலைக்கு இன்னொரு கேன் அனுப்புகிறாராம், இந்த முறை “புது லேபிளோடு”. வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.