எடை பார்த்துப் பிரிக்கும் விடுதியில் ஒரு ஜாக் ரஸ்ஸல்

பொங்கலுக்கு வேலூர் சென்றிருந்த ஆறு நாட்களும் எங்கள் நான்கு வயது ஜாக் ரஸ்ஸல் டெரியரான மணியைப் பெங்களூரு இந்திராநகரில் உள்ள ஒரு நாய் விடுதியில் விட்டிருந்தோம். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். கட்டணம் நாளொன்றுக்கு 900 ரூபாய். உணவை நாமே கொடுத்துவிட வேண்டும். அறைகள் சுத்தமாக இருந்தன. சேர்க்கும்போது தடுப்பூசி அட்டையை வாங்கி, எலிக்காய்ச்சலுக்கான ஊசி போடப்பட்டிருக்கிறதா என்று தனியாகப் பார்த்தார்கள். பெருச்சாளியைக் கண்டால் சாக்கடை வரை துரத்தும் இனத்துக்கு, எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் அந்த நோய் உண்மையான ஆபத்து. நாங்கள் போய்வந்த விடுதிகளில் இதைக் கேட்டது இவர்கள் மட்டுமே.

குறை, நாய்களைப் பிரிக்கும் முறையில் இருக்கிறது. பத்து கிலோவுக்குக் குறைந்த நாய்கள் எல்லாவற்றுக்கும் ஒரே முற்றம் என்பது அவர்கள் விதி. அதனால் ஆறு கிலோ எடையுள்ள மணி, ஷிட்சூக்களோடும் பொமரேனியன்களோடும் விடப்பட்டான். டெரியர் என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லான டெர்ராவிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் வாழ்ந்த ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார், வளைக்குள் தனியாக இறங்கி, இருட்டில் நரிக்கு எதிரே பின்வாங்காமல் நின்று குரைத்து அதை வெளியே விரட்டுவதற்காக வளர்த்த நாய்களின் வழிவந்தது இந்த இனம். உள்ளே நடப்பதை எஜமானரால் பார்க்க முடியாது என்பதால், முடிவைத் தானே எடுக்கும் நாயே அவருக்குத் தேவைப்பட்டது. நாம் இன்று பிடிவாதம் என்று சொல்வது அந்த வேலைக்கான தகுதி. உயரம் 30 சென்டிமீட்டருக்குள் அடங்கினாலும் இது மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காக உருவான நாய் அன்று.

இரண்டாம் நாளே ஒரு பந்துக்காகச் சண்டை மூண்டது. நல்லவேளையாக எந்த நாய்க்கும் காயமில்லை. அவர்களும் மறைக்காமல் அன்று மாலையே தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். அதன்பின் மணியைக் கவனித்துக்கொண்ட பராமரிப்பாளரை நான் மனமாரப் பாராட்ட வேண்டும். தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த அந்த இளைஞர், மற்ற நாய்கள் ஓய்வெடுக்கும் நேரத்தில் மணியைத் தனியே அழைத்துச் சென்று, மணல் நிரப்பிய ஒரு பழைய தொட்டியில் உணவுத் துண்டுகளைப் புதைத்துவைத்துத் தோண்ட விட்டிருக்கிறார். தோண்டாதே என்று அதட்டி டெரியரை மாற்ற முடியாது, தோண்டுவதற்கு ஓர் இடம் கொடுத்தால் போதும் என்பதை அவர் கண்டுகொண்டிருந்தார். அரைமணி நேரம் மோந்து தேடியபின் மணி குரைக்காமல் உறங்கியதாகச் சொன்னார். வீட்டில் நாங்கள் காண்பதும் அதுவே.

முடி விஷயத்தில்தான் எனக்கு மிகுந்த வருத்தம். மணிக்குக் கம்பி போன்ற முரட்டு முடி. அத்தகைய முடியில் உதிரும் பருவத்தை அடைந்தவற்றை விரலாலோ அதற்கான கத்தியாலோ சிறிது சிறிதாகப் பிடுங்கி எடுக்க வேண்டும். சரியான பருவத்தில் செய்தால் நாய்க்கு வலி இராது. குளிப்பாட்ட மட்டுமே சொல்லியிருந்தோம்; விடுதியிலோ எங்களைக் கேட்காமலே முடியை மெஷினால் கத்தரித்துவிட்டார்கள். மெஷின் போட்டால் பழைய முடியின் வேர் தோலிலேயே தங்கிவிடுவதால், வளரும் முடி பஞ்சுபோல மென்மையாகி, பழுப்புத் திட்டுகளின் நிறமும் மங்கும். பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகும். விரல் இடுக்குகளிலும் காதுகளிலும் உண்ணி ஒன்றுகூட இல்லை என்பதையும் நியாயமாகக் குறிப்பிட வேண்டும்.

வாயிற்கதவின் அடியில் ஒரு கையளவு இடைவெளி இருக்கிறது. டெரியர் வளர்ப்பவர்கள் நாயைச் சேர்க்கும் முன்பே அந்த இடைவெளியைக் காட்டி அடைக்கச் சொல்லுங்கள். இனத்தையும் குணத்தையும் கேட்டு எழுத, சேர்க்கைப் படிவத்தில் ஒரு பகுதி சேர்ப்பதாக மேலாளர் சொல்லியிருக்கிறார். கோடை விடுமுறையில் அந்த தருமபுரி இளைஞர் பணியில் இருந்தால் மட்டும் மணியை மீண்டும் அங்கே விடுவோம்; குளிப்பாட்டுவதை வீட்டிலேயே வைத்துக்கொள்வோம்.