கடன் கணக்கு வரைக்கும் அருமை, ஹெய்ட்டியில் சறுக்கல்

எனக்குத் தொழில் கணக்குத் தணிக்கை. வரலாற்று வகுப்புக்குக் காசு கட்டுவேன் என்று நானே நினைக்கவில்லை. அரசியல் புரட்சிகளைப் பற்றிய இந்த இணைய வகுப்பில் மொத்தம் 12 வீடியோக்கள்.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது பிரெஞ்சுப் புரட்சி பற்றிய மூன்றாவது. பசி வந்தது, மக்கள் பொங்கினார்கள் என்று ஒரே வரியில் முடிக்காமல், பிரான்சின் கஜானாவையே திறந்து காட்டுகிறார் ஆசிரியர். நிதிப் பொறுப்பில் இருந்த நெக்கர், 1781இல் அரசரின் வரவு செலவை அச்சிட்டு வெளியிடுகிறார். அதில் 1 கோடி லிவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) உபரி! அமெரிக்கச் சுதந்திரப் போருக்குக் கடன் வாங்கிச் செய்த செலவை ‘அசாதாரணம்’ என்று தள்ளி வைத்துவிட்டால் உபரி வராமல் என்ன செய்யும்? இந்த வித்தையை எத்தனை கோப்புகளில் பார்த்திருக்கிறேன், வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். 1788இல் அரசின் செலவில் ஏறக்குறைய பாதி கடனுக்கே போகிறது. ஆகஸ்டில் கஜானா கையை விரிக்கிறது. வேறு வழியில்லாமல், 1614க்குப் பிறகு கூடாத எஸ்டேட்ஸ் ஜெனரல் என்ற பிரதிநிதிகள் மன்றத்தைக் கூட்டுகிறார்கள். அப்புறம் எதுவும் அரசர் பிடியில் இல்லை.

ரஷ்யப் பகுதியும் நன்று. 1905இல் படை ஜாரின் பக்கம் நின்றது, அவர் தப்பித்தார். 1917இல் தலைநகர் பெத்ரோகிராதில் கூட்டத்தைச் சுட்ட வொலின்ஸ்கி படைப்பிரிவின் வீரர்களே மறுநாள் காலை தங்கள் அதிகாரியைச் சுட்டுவிட்டுக் கலகக்காரர்களோடு சேர்ந்தார்கள். கோபம் இரண்டு முறையும் இருந்தது, துப்பாக்கி பிடித்தவன்தான் மாறினான்.

குறை, புரட்சிகளின் விளைவுகளைச் சொல்லும் பகுதியில். பதினோராவது வீடியோவில், பிரான்சின் காலனியாக இருந்த ஹெய்ட்டிக்கு ஐந்தே நிமிடம். அடிமைகள் சண்டையிட்டு 1804இல் சுதந்திரம் அடைந்தார்கள், சரி. 1825இல் போர்க்கப்பல்களை அனுப்பி, பழைய முதலாளிகளுக்கு நஷ்ட ஈடாக 15 கோடி பிராங்க் கேட்டது பிரான்ஸ். அதைக் கட்ட பிரான்சிலேயே கடன் வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கடன்களின் வால் 1947 வரை நீண்டது. அடிபட்டவனே அடித்தவனுக்கு ஈடு கட்டிய இந்தப் பேரேட்டுக்குத் தனி வகுப்பு வேண்டாமா? கஜானாவை அவ்வளவு பொறுமையாகப் பிரித்த அதே ஆசிரியர் இதை எப்படி விட்டார் என்று புரியவில்லை.

கேள்வித்தாளும் தேதிகளையே கேட்கிறது. பாரிஸின் பாஸ்டில் சிறைக்கோட்டை எந்தக் கிழமை விழுந்தது என்று தெரிந்து என்ன செய்ய?

ஐந்துக்கு மூன்றரை. மூன்றாவது வீடியோ மட்டும் தனியாக விற்றால் முழுசாக ஐந்து.