சத்தம் கேக்க வைனல் நல்லதோ சீடி நல்லதோ

முதலே சொல்லிப்போடுறன், இது பாட்டுக் கேக்கிற ஆக்களுக்கான ரிவியூ இல்லை, நொய்ஸ் எண்டு சொல்லுற வெறும் சத்த இசையைப் பற்றினது. மெட்டு இல்லை, தாளம் இல்லை, ஆரோ கொங்கிறீற்றில தகரத்தை இழுத்துக்கொண்டு போற மாதிரி ஒரு மணித்தியாலத்துக்கு மேல போகும், அதையும் காசு குடுத்து வாங்கிக் கேக்கிற சனம் இருக்கு, அதில ஒராள் முறிகண்டிக்குக் கிட்ட ஏ9 ரோட்டில இருந்து உள்ள போற கிரவல் ரோட்டில இருக்கிறார், அது நான்தான்.

ரெண்டு அல்பம் என்னட்ட வைனலாவும், அதுதான் ஊசி வச்சுக் கேக்கிற இசைத்தட்டு, கிடக்கு சீடியாவும் கிடக்கு. ஒண்டு லூ ரீட் எண்ட அமெரிக்க ரொக் பாடகர் 1975 ல விட்ட மெட்டல் மெஷின் மியூசிக். மற்றது மெர்ஸ்போ எண்ட பேரில மசாமி அகிதா எண்ட ஜப்பான்காரர் செய்த பல்ஸ் டீமன், 1996. சீடியள் கனகாலமா இருக்கு. தட்டுகள் போன வருசம் பெரியப்பான்ர மகன் கனடாவில இருந்து வரேக்க சூட்கேசுக்குள்ள வச்சுக் கொண்டந்தவர்.

கொண்டந்தவர் நல்லாத்தான் கொண்டந்தவர், ஆனா வவுனியாவில சாப்பிட நிப்பாட்டினவை, வான் கிடந்தது நல்ல உச்சி வெயிலில. லூ ரீட்டின்ர அல்பத்தில இருக்கிற ரெண்டு தட்டில முதலாவது கரையில லேசா வளைஞ்சு போச்சு. எனக்கு அது தெரியாது. போட்டா வூங் வூங் எண்டு ஒரு அலை வரும் போகும், ரெண்டு கிழமையா நானும் அந்தாள் என்ன மாதிரி யோசிச்சுச் செய்திருக்கிறார் எண்டு கண்ணை மூடிக்கொண்டு ரசிச்சனான். பிறகு ஒரு நாள் சீடியைப் போட்டுப் பக்கத்தில வச்சுக் கேட்டா அந்த அலையே இல்லை. அது வவுனியா வெயில் போட்ட மியூசிக். ரெண்டு கண்ணாடிக்கு நடுவில வச்சு மேல அரிசி மூட்டை ஏத்தி ஒரு மாதிரி நிமித்தி எடுத்தன், இப்பவும் வலுவா லேசாக் கேக்கும்.

சரி, பல்ஸ் டீமனுக்கு வாறன். இதில எனக்குச் சந்தேகமே இல்லை, சீடி. எழுபது நிமிசத்துக்கு மேல ஒரு இடத்திலயும் மூச்சு விடாத சாமான் இது, சீடியின்ர கொள்ளளவுக்கெண்டே அளந்து செய்த மாதிரி. வைனலில ரெண்டு தட்டு, நாலு பக்கம், பதினெட்டு நிமிசத்துக்கு ஒருக்கா எழும்பிப் பிரட்ட வேணும், அந்த இடைவெளியில காது ஆறிப்போயிடும், ஆறினாப் பிறகு திருப்பித் துவங்கிறது வேற மாதிரித்தான் இருக்கு.

அதைவிடப் பெரிய விசயம் வெட்டுற முறை. தட்டில வரியை வெட்டுற ஊசிக்கு ஒரு அளவுக்கு மேல கீச்சுச் சத்தம் ஏத்தேலாது, அந்தத் தலை சூடேறி எரிஞ்சு போகும். அடிச்சத்தம் இடதும் வலதும் எதிரெதிரா வந்தா கேக்கிற ஊசி துள்ளிப்போகும், அதால அதை நடுவுக்குக் கொண்டந்து விடுவினம். சாதாரணப் பாட்டில இது ஒருத்தருக்கும் தெரியாது, ஏனெண்டா அங்க எல்லாம் ஒரே நேரத்தில உச்சத்தில நிக்கிறேல்ல. மெர்ஸ்போவில அப்பிடியே நிக்கும். அதால என்ர தட்டில சத்தத்தையே குறைச்சுத்தான் வெட்டியிருக்கு, நான் வொலியூமைக் கூட்ட வேண்டிக் கிடக்கு, கூட்டினா எங்கட வீட்டு எர்த் இல்லாத வயறிங்கின்ர உறுமலும் சேர்ந்து வருது. இன்னொண்டு, தட்டு ஒரு சுத்துச் சுத்த 1.8 செக்கன். வெளிக்கரையில அந்த நேரத்துக்குள்ள ஊசி 90 சென்ரிமீற்றருக்குக் கிட்ட ஓடுது, உள்ளுக்கு லேபிளுக்குக் கிட்ட வரேக்க 40 கூட இல்லை. அதே சத்தத்தை அரைவாசி இடத்துக்குள்ள அடைச்சா என்ன நடக்கும், ஒவ்வொரு பக்கத்தின்ர கடைசியிலயும் கூர் மழுங்கிப் போகுது. கத்தி மாதிரி இருக்க வேண்டிய சத்தம் சீலையைக் கிழிக்கிற மாதிரிக் கேக்குது. சீடியில முதல் நிமிசமும் கடைசி நிமிசமும் ஒரே கூர்.

சீடியில எவ்வளவு தெளிவெண்டா, முதல் நாள் ஸ்பீக்கரில போட அம்மா குசினிக்குள்ள இருந்து "டேய் தம்பி, கிணத்தில தண்ணியில்லாம மோட்டர் ஓடுதடா, எரியப்போகுது" எண்டு கத்திக்கொண்டு ஓடிப்போய் சுவிச்சை நிப்பாட்டினவ. நிப்பாட்டியும் சத்தம் நிக்கேல்ல, அதுக்குப் பிறகுதான் எனக்கு ஏச்சு. வைனலைப் போட்ட அண்டைக்கு அவ ஒண்டும் சொல்லேல்ல. இதைவிட ஒரு டெஸ்ற் வேணுமோ தெரியாது.

மாமாதான் ஒருக்கா கேட்டவர், நாங்கள் கேக்காத சத்தமாடா, இனியும் வாங்கிக் கேக்க வேணுமோ எண்டு. நான் ஒண்டும் சொல்லேல்ல, வொலியூம் கட்டையைத் திருப்பி நிப்பாட்டிக் காட்டினன். பாத்திட்டு அங்கால போட்டார்.

மெட்டல் மெஷின் மியூசிக் வேற கதை. கிற்றார்களை அம்பிளிபயருக்கு முன்னால விட்டு, அது ஊளையிடுறதை எடுத்து அடுக்கினது, இடது காதுக்கு ஒண்டு வலது காதுக்கு இன்னொண்டு. நாலு பக்கமும் 16:01 நிமிசம் எண்டு போட்டிருக்கும், நாலாவதில மட்டும் பக்கத்தில முடிவிலிக் குறியும் கிடக்கு. ஏனெண்டா கடைசி வரியை வட்டமா மூடி வெட்டியிருக்கு, ஊசி அதுக்குள்ள போனா வெளியால வராது, அந்த 1.8 செக்கனே சுத்திச் சுத்தி வரும், நீங்கள் எழும்பிப்போய் ஊசிக் கையைத் தூக்குமட்டும். சீடியில இதைச் செய்யேலாதுதானே, கொஞ்ச நேரம் அதையே திருப்பித் திருப்பிப் போட்டிட்டு மெல்ல மெல்லக் குறைச்சு முடிச்சு விடுறாங்கள். எனக்கு அது கள்ள வேலை மாதிரி. முடியாது எண்டு சொன்ன சாமான் மரியாதையா முடியிறதைக் கேக்க விசர்தான் வருது.

போன மாசம் ஒரு பின்னேரம் அந்த மூடின வரி ஓடுது, கால் மணித்தியாலம் இருக்கும், நானும் நித்திரையும் முழிப்புமாக் கிடக்கிறன், கரண்ட் போட்டுது. சீடி எண்டா டக்கெண்டு செத்திருக்கும். தட்டு அப்பிடி இல்லை. பாரத்தில இன்னும் சுத்துது, ஆனா இழுபடுது, சத்தம் தடிச்சுத் தடிச்சுக் கீழ இறங்கி லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் சேத்துக்குள்ள புதைஞ்சு நூருற மாதிரி ஒரு முனகலோட நிண்டுது. எனக்கு உடன நினைவு வந்தது சைக்கிள் டைனமோ. பற்றரி வராத காலத்தில சித்தப்பா சைக்கிளைக் கவிட்டு வச்சுப் பெடலைக் கையால சுத்துவார், நாங்கள் ரேப் ரெக்கோடரில பாட்டுக் கேப்பம், அவருக்குக் கை உழைஞ்சா பாடுறவரின்ர குரலும் இப்பிடித்தான் தடிச்சு இறங்கும், "சித்தப்பா சுத்துங்கோ" எண்டு எல்லாரும் கத்துவம். அண்டைக்கு கரண்ட் வரமட்டும் தட்டைப் பாத்துக்கொண்டு இருந்தன், திருப்பி வந்தோண்ண கீழ இருந்து முனகி முனகி ஏறி அதே 1.8 செக்கனுக்கு வந்து நிண்டுது.

தூசைப் பற்றிச் சொல்லாம விடேலாது. எங்கட ரோட்டால டிப்பர் ஒண்டு போனாக் காணும், மூடியைத் துறந்து வச்ச தட்டு செம்மண் நிறத்துக்கு வந்திடும். நொய்ஸ்தானே, கரகரப்பு ஆருக்குத் தெரியும் எண்டு நானும் முதல் நினைச்சனான். கரகரப்புத் தெரியாதுதான், ஆனா அந்தக் கிரவல் ஊசியை அரம் மாதிரி அராவுது, புது ஊசி கொழும்பில இருந்து எடுப்பிக்கிற காசுக்கு ரெண்டு சீடி வாங்கலாம். பிறஸ்சால தூசு தட்டாம தட்டு வைக்காதேங்கோ, பின்னேரத்தில ஜன்னலைச் சாத்திப்போட்டுக் கேளுங்கோ.

லூ ரீட்டின்ர சீடியைத் தம்பியாருக்குக் குடுத்திட்டன், காரில போட்டு ஆக்களைப் பயப்பிடுத்திறான். பல்ஸ் டீமன் வைனல் அலுமாரியில சும்மா கிடக்கு, ஆருக்கும் வேணுமெண்டா கதையுங்கோ. மூண்டாம் பக்கத்தில ஒரு கீறல் இருக்கு, கேக்காது.