அட்டையா, கணினியா? ஆறாம் வகுப்பில் டீம் பிரிக்கும் இரண்டு வழிகள்

அமெரிக்காவில் பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போகிறது என்றால் வீட்டில் முதல் கேள்வியே "எந்த டீம்?" என்பதுதான். தொடக்கப் பள்ளி முடித்துப் போகும் மிடில் ஸ்கூல்கள் பலவற்றில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் 100 பேர் அளவிலான டீம்களாகப் பிரிப்பார்கள். கணக்கு, ஆங்கிலம், அறிவியல், சமூகவியல் என டீமுக்கு 4 ஆசிரியர்கள். யார் எந்த டீம் என்பதை அட்டை எழுதி அடுக்கியும் பிரிக்கலாம், கணினியிலும் பிரிக்கலாம்.

நேரம்:
அட்டை: ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்கள் பிள்ளைக்கு ஒரு அட்டை என்று குறிப்பெழுதி, மேஜையில் பரப்பி, மாற்றி மாற்றி அடுக்குவார்கள். நாள் கணக்கில் இழுக்கும்.
கணினி: தகவலை ஏற்றிவிட்டால் வேலை சட்டென்று முடியும்.

பிள்ளையை அறிவது:
அட்டை: "இவனையும் அவனையும் சேர்க்காதீர்கள்" என்ற ஓரக் குறிப்பு இதில்தான் இருக்கும்.
கணினி: யாராவது உள்ளிட்டால்தான் தெரியும்.

பாரபட்சம்:
அட்டை: 'சேட்டைக்காரன்' என்ற முத்திரையும் கூடவே வரும்.
கணினி: முகம் பார்க்காது. ஆனால் அதுவும் முழுக் குலுக்கல் இல்லை. முன்னேறிய கணக்கு வகுப்பு ஒரே டீமில் மட்டும் இருந்தால், அந்தப் பிள்ளைகள் எல்லாரும் அங்கேயே போய்ச் சேர்வார்கள். நீலம், பச்சை என்று என்னதான் பெயர் வைத்தாலும், எது 'கெட்டிக்கார டீம்' என்று பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒன்றிரண்டு தொடக்கப் பள்ளிகளிலிருந்து மட்டும் பிள்ளைகள் வரும் சின்னப் பள்ளிக்கு அட்டையே சரி. ஐந்தாறு பள்ளிகளிலிருந்து வந்து குவியும் இடத்தில் கணினிதான் கட்டுப்படியாகும். அப்புறம் பள்ளி ஆலோசகர் ஒருமுறை கையால் திருத்த வேண்டும். தெரிந்த தோழி ஒருத்தியாவது கூட இருக்க வேண்டுமா? ஐந்தாம் வகுப்பு முடியுமுன், வசந்த காலத்திலேயே பள்ளியில் சொல்லிவிடுங்கள். பட்டியல் வந்தபின் மாற்றுவது கஷ்டம்.