முன்கை எலும்புக்கு ஸ்டீல் தகடா, டைட்டானியமா?

கடலூர் முதுநகரில் படகுகளுக்கான கைப்பிடி, கொக்கி, கம்பி வேலைகளைச் செய்துதரும் சிறு பட்டறை ஒன்றை நடத்திவருகிறேன். நான்காண்டுகளுக்கு முன் ஒரு மழைநாள் இரவில், புதுச்சேரியிலிருந்து திரும்பும் வழியில் முள்ளோடை அருகே வண்டி வழுக்கி விழுந்ததில் இடது முன்கையின் ஆரை, அரந்தி எலும்புகள் இரண்டும் முறிந்தன. பெரியவர்களுக்கு இவ்வகை முறிவு மாவுக்கட்டில் நேராகச் சேர்வது அரிது என்பதால், தகடு வைப்பதா வேண்டாமா என்ற பேச்சே எழவில்லை. எந்த உலோகம் என்பதை மட்டும் மறுநாள் காலைக்குள் சொல்லும்படி மருத்துவர் கேட்டார். நான் ஸ்டீலைச் சொன்னேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

விலையில் டைட்டானியத்துக்கு எனக்குச் சொல்லப்பட்டது ஏறக்குறைய இருமடங்கு. எடையில் அது ஸ்டீலில் பாதியைச் சற்றே தாண்டும். ஆனால் விரல் நீளத் தகட்டில் அந்த வித்தியாசத்தைக் கை உணராது. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது ஸ்டீலைச் சுற்றிப் படம் கூடுதலாகக் கலங்கும் என்பது முதுகெலும்பில் பொருத்திக்கொள்பவருக்குப் பெரிய செய்தி, முன்கைக்கு அவ்வளவில்லை.

துருவைப் பற்றித்தான் வீட்டில் அனைவரும் கவலைப்பட்டார்கள். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி உதிர்வதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களின் அச்சம் நியாயமானதே. கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம் என்றால், உடம்பின் நீர்மத்திலும் 0.9 சதவீதத்துக்கு நிகரான உப்பு இருக்கிறது. ஆனால் எலும்பில் வைப்பது சமையல் பாத்திர எவர்சில்வர் அன்று. 316 என்ற எவர்சில்வர் வகையில் கரிமம் குறைத்துச் செய்யும் 316எல். பாத்திரங்களுக்குப் பரவலாகப் பயன்படும் 304 வகையில் செய்த கைப்பிடி துறைமுகத்தில் விரைவிலேயே புள்ளி புள்ளியாக அரிக்கத் தொடங்குவதையும், 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 தாக்குப்பிடிப்பதையும் தொழிலில் நாள்தோறும் பார்க்கிறேன். இதில் டைட்டானியம் இன்னும் மேலானது என்பதை மறுக்கவில்லை. அதோடு, மருத்துவ ஸ்டீலில் 13 முதல் 15 சதவீதம் நிக்கல் இருக்கிறது. கவரிங் நகை போட்டால் தோல் தடித்து அரிப்பெடுக்கும் உடல்வாகு உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு டைட்டானியத்தை நாடுவதே நல்லது.

வளையும் தன்மையில் டைட்டானியம் எலும்புக்குச் சற்று நெருக்கமானது. ஸ்டீலின் விறைப்பில் ஏறத்தாழ பாதிதான். தகடு மிக விறைப்பாக இருந்தால் பாரத்தை அதுவே தாங்கிக்கொள்ள, அடியிலுள்ள எலும்பு வேலையின்றி மெலியக்கூடும் என்பார்கள்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஸ்டீல் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம், தகட்டைக் கழற்றும் நாள். டைட்டானியத்தின் மேற்பரப்பில் எலும்பு ஒட்டி வளரும். வழவழப்பான ஸ்டீலைச் சுற்றிப் பெரும்பாலும் மெல்லிய நார்த்திசு உறைதான் உருவாகும். அதற்கு மேல், டைட்டானியத்தோடு டைட்டானியம் அழுந்தி உரசினால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் குணம் உண்டு. எவர்சில்வர் போல்ட்டும் சில நேரம் இப்படி மரையில் இறுகிக்கொள்ளும் என்றாலும், டைட்டானியத்தில் இது கூடுதல். தலையிலும் மரை இருந்து, தகட்டின் துளையிலுள்ள மரையோடு பூட்டிக்கொள்ளும் லாக்கிங் ஸ்க்ரூக்களில்தான் இந்தத் தொல்லை அதிகம். 3.5 மில்லிமீட்டர் லாக்கிங் ஸ்க்ரூவை 1.5 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையோடு நிறுத்த, 'க்ளிக்' என்று ஒலித்து விடுபடும் திருப்புளி இருக்கிறது. அதை விட்டுவிட்டு மிகையாக முறுக்கினாலோ, சற்றுச் சாய்வாக ஏற்றினாலோ, கழற்றுபவர் பாடு திண்டாட்டம்தான்.

என் மைத்துனருக்குக் காறை எலும்பில் டைட்டானிய லாக்கிங் தகடு வைத்திருந்தார்கள். பை மாட்டும் இடத்தில் உறுத்தியதால் இரண்டாண்டு கழித்து எடுக்கப் போனார். ஆறு ஸ்க்ரூக்களில் நான்கு வந்துவிட்டன. மற்ற இரண்டின் குழி வழுக்கிப்போய்த் திருப்புளி வெறுமனே சுற்றியது. கார்பைடு துரப்பணத்தால் தலைகளை அறுத்தெடுத்து, சிதறிய கருந்தூளைச் சலைன் விட்டுக் கழுவி முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேலானதாம்.

என் அரந்தி எலும்புத் தகடு தோலுக்கு அடியிலேயே இருந்ததால், பட்டறை மேசையில் கையை ஊன்றும்போதெல்லாம் வலித்தது. இருபத்திரண்டாவது மாதம் எடுத்தார்கள். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. ஆரை எலும்பிலுள்ளது இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அருகில் நரம்பு ஓடுவதால், தொந்தரவில்லாதவரை அதைத் தொடவேண்டாம் என்றார் மருத்துவர். எடுத்த தகட்டைக் கேட்டு வாங்கி உருப்பெருக்கியில் பார்த்தேன். ஸ்க்ரூத் தலை அமரும் விளிம்புகளில் மட்டும் பளபளப்பு மங்கி, உராய்வால் அரித்த மெல்லிய வளையம் தெரிந்தது. ஆக, ஸ்டீல் அறவே அரிக்காது என்று நானும் சொல்லமாட்டேன்.

என் அனுபவம் ஒரு முன்கையளவே. மூட்டு மாற்றில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். சிமெண்ட் இன்றிப் பொருத்தும் இடுப்பு மூட்டுத் தண்டில் எலும்பு ஒட்டி வளரவேண்டும் என்பதற்காகவே டைட்டானியத்தை நாடுகிறார்கள். நான் குறையென்று சொன்னது அங்கே தகுதி. தகட்டைக் கழற்றும் எண்ணமே இல்லாத முதியவருக்கும் என் வாதம் பெரிதாகப் பொருந்தாது.

எந்த உலோகமானாலும் பொருத்திய பொருளின் வகை, அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கரை மருத்துவக் கோப்பில் ஒட்டித் தரும்படி கேளுங்கள். மைத்துனரின் கோப்பில் அது இல்லை. ஸ்க்ரூத் தலையின் குழி அறுகோணமா நட்சத்திரமா என்று முன்கூட்டித் தெரியாமல், அறுவை அரங்கில் தோலைத் திறந்த பிறகுதான் பொருந்தும் திருப்புளியைத் தேடியிருக்கிறார்கள்.