1969ஆம் ஆண்டை மீண்டும் கேட்ட மாலை

சோமனூரில் விசைத்தறிகள் ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பீட்டில்ஸ் ராக் இசைக்குழுவின் அன்பர்கள் ஒன்பது பேர் எங்கள் வீட்டில் கூடி, அக்குழுவின் 1969ஆம் ஆண்டை நினைவுகூர்ந்தோம். அன்று கேட்டது, 'அபே ரோடு' தொகுப்பின் ஐம்பதாம் ஆண்டையொட்டி 2019இல் வெளிவந்த இசைத்தட்டு.

ஜனவரி 30 அன்று லண்டன் சாவில் ரோ கட்டடத்தின் மொட்டை மாடியில் கடைசியாகப் பொதுவெளியில் வாசித்தவர்கள், மனத்தாங்கல் முற்றியிருந்த அதே ஆண்டில் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுடன் மீண்டும் அமர்ந்து, செப்டம்பர் 26 அன்று இத்தனை இசைவான தொகுப்பை வெளியிட்டார்கள் என்பதே எங்களை நெடுநேரம் பேச வைத்தது. புதிய ஒலிக்கலவையைச் சாம் ஓக்கெல்லுடன் சேர்ந்து செய்தவர், ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின். ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸ் இடவலமாக விரிந்து கேட்கிறது. பால் மெக்கார்ட்னியின் பேஸ் கிட்டாரோ, பழைய தட்டையே நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுவரும் எங்கள் பெரியவரை நிமிர்ந்து உட்கார வைத்தது. முதல் பக்கத்தின் இறுதிப் பாடல் சட்டென அறுபட்டபோது அறையில் யாரும் பேசவில்லை. இரண்டாம் பக்கத்தில் கோத்து வரும் குறும்பாடல்களை இடையில் நிறுத்தாமல் கேட்க வேண்டும்.

கூரியரில் அட்டையின் மூலை மடங்கி வந்தது வருத்தமே. விலையும் கூடுதல்தான். ஆயினும், நல்ல ஊசியும் ஸ்பீக்கரும் வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம்.